முகத்தில் பூசக்கூடாது

மகன்,

சலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். உன்னோடு கோபமாக இருந்த நாட்களில்கூட சலாம் சொல்லாமல் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் நலமா என்று இன்றைக்குக் கேட்க மாட்டேன். நாளைக்குக் கலியாணத்தை வைத்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை நலமாகத்தான் இருப்பாய். உன் புதுச் சாரத்தையும் சட்டையையும் சாச்சி வீட்டு ஆளிடம் கொடுத்து இப்போதே கடைக்கு அனுப்புகிறேன். சாரத்தின் மடிப்புக்குள் இந்தக் கடிதம் இருக்கும். உடுத்துப் பார்ப்பதற்கு முன் படித்துவிடு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப்பிழை இருக்கும். சின்ன வயதில் என் பிழைகளைத் திருத்தித் திருத்திச் சிரிப்பாய். இன்றைக்கு உனக்குச் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன்.

என் முகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என் முகம் கடல் வந்ததால் சிவந்ததென்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீ வயிற்றில் இருந்தபோதே எனக்கு மூக்கும் இரண்டு கன்னமும் சிவக்கத் தொடங்கிவிட்டது. சுபஹுத் தொழுகைக்கு முன் எழும்பி, கடைகளுக்குக் கொடுக்க இடியப்பம் அவிப்பேன். தட்டைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் ஆவி முகத்தில் அடிக்கும். பிறகு வெயிலில் அரிசி காயப்போடுவேன். சிவப்பு மத்தியானம் வரைக்கும் போகாது, பிறகு அந்திக்கும் போகாது, பிறகு போகவே இல்லை. உன் வாப்பா மட்டும்தான் அதைப் பழிக்காதவர். 'என்ட கொவ்வைப்பழம்' என்று கூப்பிடுவார். மற்ற எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். தேசிக்காய்ப் புளி தேய்த்தேன், எரிந்தது. சந்தனம் அரைத்துப் பூசினேன், காய்ந்து இழுத்தது. லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்தேன், மனம் ஆறினது, முகம் ஆறவில்லை. சாப்பாட்டால் வருகிற கிரந்தி என்று சொல்லி இறால், சூரை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரு வருசம் நிறுத்தினேன். கடலுக்கு முந்நூறு அடி தள்ளியிருந்த வீட்டில் நான் மட்டும் பருப்பும் சோறும் தின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தனைக்குப் பிறகும் முகம் அப்படியேதான் இருந்தது.

பிறகு கடல் வந்தது. அதை உனக்கு நான் எழுதத் தேவையில்லை, நீதான் வாப்பாவை மூன்றாம் நாள் அடையாளம் காட்டினவன். அடக்கம் முடிந்ததும் வயல்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையின் மூலையில், இரண்டு சேலையைக் கட்டி மறைத்து அதற்குள் என்னை இத்தாவில் இருத்தினார்கள். புருசனை இழந்தவள் பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும். அந்தச் சேலைக்கு அப்பால் ஐந்து குடும்பம். புழுக்கம், அழுகை, உப்புத் தண்ணீரில் கழுவின முகம். ஒரு கிழமைக்குள் என் முகம் வெந்தது மாதிரி ஆகிவிட்டது. சின்னச் சின்னப் பருவும் வந்தது. சேலையைக் கொஞ்சம் விலக்கி நீ சோற்றுப் பார்சலை நீட்டுகிறபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாய். நான் அதற்கு அழவில்லை, உனக்காக அழுதேன்.

நிவாரண லொறியில் வந்த பெட்டிகளை இறக்கினவர்களில் நீயும் ஒருவன். எந்தெந்த நாட்டு மருந்தோ, யாருக்கும் வாசிக்க முடியாத எழுத்தோடு ஒரு பெட்டி நிறைய வந்திருந்தது. அதில் ஒரு டியூப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். நான் வேண்டாம் என்றேன். இத்தாவில் இருக்கிறவள் கண்ணுக்கு மைகூடப் போடக்கூடாது, முகத்துக்குப் பூசுவதா என்று கேட்டேன். நீ சேலைக்கு வெளியே இருந்து சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"இது மருந்து உம்மா, பவுடர் இல்ல. நோய் வருத்தத்துக்குப் பூசுறதுக்கு இத்தா தடையில்ல. பூசுங்க."

பூசினேன். மூன்றாம் நாள் எரிச்சல் போனது. பத்தாம் நாள் சிவப்புப் போனது. இருபது வருசத்தில் காணாத முகத்தை உடைந்த கண்ணாடித் துண்டொன்றில் கண்டேன். அன்றைக்கு உனக்காக நான் கேட்ட துஆவை அல்லாஹ்தான் அறிவான். அந்த நாளுக்காக உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, மகன். பதினெட்டு வயதுப் பிள்ளை, வாப்பா இல்லாதவன், உம்மாவின் முகம் வேகுவதைப் பார்க்க முடியாமல் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தாய். உனக்கும் அது என்ன என்று தெரியாது, எனக்கும் தெரியாது.

இத்தா முடிந்து சேலையை அவிழ்த்து வெளியே வந்தேனே, அந்த நாளை நான் மறக்க மாட்டேன். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள் வாடி வருவாள் என்று எதிர்பார்த்திருந்த பெண்களுக்கு முன்னால் நான் மினுமினுவென்று வந்து நின்றேன். ஒருத்தி வாயில் கை வைத்தாள். "என்னகா இது, இத்தாவுல இரிந்தவட முகம் புதுப்பொண்ணு மாதிரி வந்திரிக்கி" என்று மற்றவள் கேட்டாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது. உள்ளே இருந்து மினுக்கினாள் என்று நினைக்கிறார்களே என்று கூனிக் குறுகினேன். நீ எனக்குப் பக்கத்தில் நின்றாய். நீயும் அவர்களைப் பார்த்தாய். நான் பார்த்தது பழிச்சொல்லை. நீ பார்த்தது வேறொன்றை என்று எனக்கு விளங்க வருசக்கணக்கானது.

டியூப் முடிந்தது. முடிந்த கிழமையே சிவப்பு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. நீ வெறும் டியூப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கல்முனைக்குப் போய், பாமசியில் காட்டி, அதே மருந்து இங்கேயும் இருக்கிறது என்று வாங்கி வந்தாய். கொஞ்ச நாளில் டியூப்பாகத் தராமல் ஒரு சின்ன டப்பியில் போட்டுத் தந்தாய். நல்ல மணம் இருந்தது. "கோல்ட் கிறீமோட கலந்திரிக்கன் உம்மா, அப்பதான் நல்லாப் பிடிக்கும்" என்றாய். பரீட்சை முடிந்தது, பெரிய வீதியில் அந்தச் சின்ன பென்சிக் கடை வந்தது, வளையலுக்கும் கிளிப்புக்கும் நடுவில் நீல மூடி போட்ட டப்பிகள் வந்தன. எனக்கு ஒரு கதிரை போட்டாய், மின்விசிறிக்குக் கீழே. உம்மா இடியப்பம் அவித்தது போதும், இனிச் சும்மா இருக்கட்டும் என்று என் மகன் நினைக்கிறான் என்று பூரித்துப்போய் அதில் இருந்தேன். வருகிறவர்களிடம் நீ டப்பியைக் காட்ட மாட்டாய், என்னைக் காட்டுவாய். "எங்கட உம்மாட முகத்தப் பாருங்க. முந்தி எப்பிடி இரிந்திச்சி என்று ஊருக்கே தெரியும்." அவர்களும் பார்ப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுவேன்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் உன்னிடம் கணக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இரண்டாம் வருசம் என் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்தது. அடுப்படிக்குப் போனால் எரிந்தது, தேத்தண்ணீர் குடித்தால் எரிந்தது. ஒரு நாள் பூசாமல் விட்டால் முகம் வீங்கும், பூசினால் அடங்கும். அதனால் மருந்து நல்லது, என் முகம்தான் கெட்டது என்று நினைத்துக் கூடக் கூடப் பூசினேன். அந்த நேரத்தில்தான் பின்வீதியில் இருக்கிறவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "ராத்தா, என்ட புள்ளட கன்னத்தப் பாருங்க. உங்கட மகன்ட கிறீம் முடிஞ்ச உடன இப்பிடி ஆகிட்டு" என்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் நான் என் முகத்தைத்தான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது, மகன். ஆனால் நீ என்னைப் பார்த்த பார்வையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இறால் கிறால் திண்டிருப்பா. கிரந்திதான். கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டச் சொல்லு" என்றேன். ஒரு வருசம் பத்தியம் இருந்து பொய் என்று கண்ட ஒன்றை இன்னொருத்தியின் பிள்ளைக்கு வைத்தியமாகச் சொன்னேன். அவள் இன்னொரு டப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

போன வருசம் தாங்க முடியாமல் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். விடிய நம்பர் எடுத்து வாங்குப் பலகையில் இருந்தால் ஒரு சதமும் செலவில்லாமல் டொக்டரைக் காணலாம் என்று இவ்வளவு காலமும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை, உன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். முகத்தைத் தொடவேயில்லை, பார்த்த உடனே கேட்டாள். "அம்மா, இத எத்தின வருசமாப் பூசுறீங்க? டப்பியக் கொண்டு வந்தீங்களா?" கொடுத்தேன். திறந்து விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்டீரொய்ட் கலந்திருக்கு போல. உங்களுக்கு முதல்ல இருந்த சிவப்பு வேற, அது வாழ்க்கை முழுக்க வந்து போற ஒன்று, கவனமா இருந்தா அடக்கி வெக்கலாம். இப்ப இருக்கிறது இந்த டப்பி தந்தது. நிப்பாட்டினா முதல்ல கூடத்தான் செய்யும். பயந்து திரும்பப் பூசிராதீங்க" என்றாள். அவள் சொன்னது மாதிரியே ஆறு கிழமை நெருப்பில் கிடந்தேன். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தேன். நீ வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போவாய்.

அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னதை உனக்கும் எழுதி வைக்கிறேன், உன் கடைக்கு வருகிறவர்களுக்கு நீயே சொல்லலாம் என்பதற்காக. சவர்க்காரம் போடாமல் பச்சைத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கிளினிக்கில் சும்மா தருகிற மணமில்லாத வெள்ளைக் களிம்பு போதும். பருவுக்கு அவர்கள் எழுதித் தருகிற மருந்தை மட்டும், அவர்கள் சொன்ன நாளுக்கு மட்டும் பூச வேண்டும். தேத்தண்ணீரை ஆறவிட்டுக் குடிக்க வேண்டும். எந்தச் சாப்பாடு தனக்கு ஒத்துவரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எனக்கு இறால் ஒன்றும் செய்யவில்லை, உறைப்புத்தான் செய்தது. நான் அடுப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன், காற்று ஆவியை வெளியே கொண்டுபோகிறது. வெயிலுக்கு ஒரு குடை. இவ்வளவுதான் என் வைத்தியம். முகம் முழுதாக மாறவில்லை, கன்னத்தில் சின்னச் சின்ன நரம்புக்கோடு தெரிகிறது, அது போகாதாம். ஆனால் எரிச்சல் இல்லை. செலவில்லாத வைத்தியம் என்பதால் இதை ஒருவரும் விற்கவில்லை, விற்காததால் எனக்கு இருபது வருசம் தெரியாமல் போனது.

கிளினிக்கால் வந்த அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ என் காலடியில் இருந்து என் இரண்டு கையையும் பிடித்தாய். "நான் என்னத்தக் கண்டன் உம்மா? தெரிஞ்சா உங்களுக்குத் தருவனா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது, தர மாட்டாய். நான் உன்னை நம்பினேன். நம்பினதோடு நிற்காமல் பின்வீதிக்காரியின் வீட்டு வாசலில் போய் நின்று, என் மகனுக்கு ஒன்றும் தெரியாது, அவனும் ஏமாந்தவன் என்று சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நாளில் உன் கடையில் நீல மூடிக்குப் பதிலாக ரோசா மூடி வந்தது. அது வேறு கம்பனிச் சாமான் என்றாய். அதையும் நம்பினேன். என் கதிரையை மட்டும் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டாய். வெயில் படாமல் இருக்கத்தான் என்றாய்.

ஒலுவில் ஊருக்குப் பெண் பார்க்கப் போனோமே, அந்தப் பிள்ளை தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்றபோது நான் கோப்பையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கன்னத்தில் அந்த மினுக்கம் இருந்தது. என் கன்னத்தில் இத்தா முடிந்த அன்றைக்கு இருந்த அதே மினுக்கம். என்ன பூசுகிறாய் மகள் என்று மெதுவாகக் கேட்டேன். "உங்கட மகன்ட ரோசா மூடிதான் மாமி, ஆறேழு மாசமாப் பூசுறன்" என்றாள், என்னைச் சந்தோசப்படுத்துகிற மாதிரி. வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். "அது வேற சாமான் உம்மா, என்னத்துக்கு எல்லாத்தையும் சந்தேகிக்கிறீங்க?" என்று எரிந்து விழுந்தாய். யுத்தம் முடிந்துவிட்டது, பாதை திறந்துவிட்டது, இனி வடக்குக்கும் சாமான் கொண்டு போகலாம் என்று அன்றைக்கு என் தங்கச்சியிடம், உன் சாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். "அங்க முகாமுல இரிக்கிற பொம்புளயள்ற முகமெல்லாம் வெயில்ல கருகிக் கிடக்குதாம். நல்லாப் போகும்." நான் அடுப்படியில் நின்று கேட்டேன். முகாமில் முகம் வெந்து கிடந்த ஒருத்தியின் மகன் அப்படிச் சொன்னதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நேற்று, நீ கலியாணத்துக்குப் பிறகு குடியிருக்கப் போகிற பெண் வீட்டுக்கு அனுப்ப உன் சாமான்களைக் கட்டினேன். உன் உடுப்பு, உன் குர்ஆன், உன் புத்தகங்கள். அந்தத் தடித்த இங்கிலீசு அகராதியைத் தூசி தட்டும்போது ஒரு காகிதம் விழுந்தது. மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற மெல்லிய காகிதம். எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. ஆனால் நீ படிக்கிற பிள்ளை அல்லவா, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அகராதி பார்த்துத் தமிழில் கருத்து எழுதி வைத்திருந்தாய். 'முகத்தில் பூசக்கூடாது.' அதற்குக் கீழே இரண்டு கோடு. 'நீண்ட நாள் பாவிக்கக்கூடாது. தோல் மெலியும்.' எல்லாம் பச்சை மையில். அந்தப் பச்சைப் பேனை நிவாரணத்தில் வந்த புத்தகப்பைக்குள் இருந்தது, பரீட்சைக்கு முன்னமே அதன் மை முடிந்துவிட்டது, நான்தான் புதுப் பேனை வாங்கித் தந்தேன். அப்படியென்றால் கடை திறக்குமுன், நீல மூடிக்கு முன், கதிரை போடுமுன் இதை நீ எழுதியிருக்கிறாய். எழுதி மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டு, டப்பியை எடுத்து வந்து என் கையில் தந்திருக்கிறாய்.

அந்தக் காகிதத்தோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கடல் என் வீட்டைக் கொண்டுபோனது, உன் வாப்பாவைக் கொண்டுபோனது. கடலுக்கு என்னைத் தெரியாது. உனக்கு என்னைத் தெரியும். நீ எனக்குத் துரோகம் செய்தாய், மகன். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தெரிஞ்சா உங்களுக்குத் தருவனா என்று என் கையைப் பிடித்துக் கேட்டாயே, அந்தக் கை இன்னும் எனக்குக் கூசுகிறது.

அந்தக் காகிதத்தை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு நான் உன்னிடம் கேட்க வந்த நேரத்தில்தான் நீ பெட்டி விசயத்தை எடுத்தாய். மாப்பிள்ளையின் உம்மா தன் கையால் பெண்ணுக்குப் பெட்டி கொண்டுபோவதுதான் நம் வழக்கம். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "உம்மா, பெட்டிய சாச்சி கொண்டு போகட்டும். நீங்க நிக்காஹ்க்கும் முகத்த மூடிக்கொண்டு பின்னால இரிந்தாப் போதும். பொண்ணு வீட்டாக்கள் உங்கட முகத்தக் கிட்டப் பார்த்தா ஏதும் கேப்பாங்க." கேட்பார்கள்தான். கிறீம் விற்கிறவனின் உம்மாவுக்கு ஏன் இந்த முகம் என்று கேட்பார்கள். மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டுக் காட்டின முகம் இப்போது மூட வேண்டிய முகமாகிவிட்டது. சரி என்றேன். பெட்டியை நான் கட்டித் தருகிறேன், அவள் கொண்டு போகட்டும் என்றேன். உன் முகத்தில் வந்த நிம்மதியையும் பார்த்தேன்.

பெட்டியை நான்தான் கட்டினேன். கூறைச் சேலை, சட்டைத் துணி, செருப்பு, அத்தர், உன் வாப்பா எனக்குப் போட்ட தோடு. நீ வைத்திருந்த மூன்று ரோசா மூடி டப்பியையும் எடுத்து அடுப்புச் சாம்பலுக்குள் கொட்டினேன். அந்த இடத்தில் கிளினிக் களிம்பு ஒன்றும் ஒரு புதுக் குடையும் வைத்தேன். சாச்சி கண்டுவிட்டாள். "கலியாணப் பெட்டிக்குள்ள குடைய வெக்கிறியே ராத்தா, ஊர் சிரிக்கும்" என்றாள். சிரிக்கட்டும், ஒலுவில் வெயிலுக்கு உதவும் என்றேன். அவளுக்கு வேறொன்றும் தெரியாது, அவளைக் கோபிக்காதே. பெட்டியை எல்லாப் பெண்களுக்கும் முன்னால்தான் திறப்பார்கள். அதனால் பச்சை மைக் காகிதத்தை மேலே வைக்கவில்லை. உன்னை நாலு பேர் முன்னால் நாறடிக்க எனக்கு மனம் வரவில்லை, பெற்றவள் அல்லவா. தோட்டுப் பெட்டியின் அடியில், பஞ்சுக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறேன். கலியாணப் பெட்டி அசர்த் தொழுகைக்குப் பிறகு போய்விட்டது.

அந்தத் தோட்டை அவள் நாளைக் காலையில் சோடிக்கும்போதுதான் எடுப்பாள். உனக்கு இந்த ஒரு பின்னேரம் இருக்கிறது. இப்போதே போன் எடுத்து அவளிடம் நீயாகச் சொல்லு. பூசினது என்ன என்று சொல்லு, நிப்பாட்டினால் எரியும் என்று சொல்லு, அந்த ஆறு கிழமையும் துணியை நனைத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லு. கடையில் மிச்சமிருப்பதைக் கொட்டு. வடக்குக்கு ஒன்றும் போகக் கூடாது. பின்வீதிப் பிள்ளையிடம் நானும் நீயும் சேர்ந்து போவோம், அவளுக்கு நான் சொன்ன பொய்க்கும் சேர்த்து மாப்புக் கேட்போம். எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் வாசித்துவிட்டேன். நீ சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையும் என்னை மாதிரி உன் கையெழுத்தில்தான் அறிந்துகொள்வாள்.

நிக்காஹ்க்கு நான் வருவேன். பின்னால் இருக்க மாட்டேன், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பேன், முகத்தை மூடாமல். யாரும் கேட்டால் உண்மையைச் சொல்வேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, "ஓம் மாமி, அவர் நேத்தே சொல்லிட்டார்" என்று சொல்ல வேண்டும். நாளைக்கு எனக்கு அது மட்டும் போதும்.

உன் உம்மா